தண்ணீர் ஆடாத ஷெட்

புது ஷெட் ஒன்றைப் பார்க்கப் போனால் ரஹமத் பீவி முதலில் கூரையைப் பார்க்கமாட்டாள், கதவையும் அளக்கமாட்டாள். கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுப்பாள். அதில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி நடுத்தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கூட வந்த கம்பெனிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், போனைப் பார்ப்பார்கள், கடைசியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பாவம், அந்தம்மாவுக்குத் தாகம் போலிருக்கிறது என்று தன் பாட்டிலை நீட்டிய பெங்களூர் மேனேஜர் ஒருவரும் உண்டு. பீவி சிரித்துக்கொண்டே வாங்கி, அதையும் டம்ளரிலேயே ஊற்றினாள்.

இன்றைக்கு ஓசூரிலிருந்து சூளகிரி தாண்டி பர்கூர் வரைக்கும் தொழில் நடத்த ஷெட் வேண்டும், குடோன் வேண்டும் என்றால் பத்தில் ஐந்து பேர் பீவியின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். நிலக்காரர்களோடு தெலுங்கில் பேசுவாள், எல்லை தாண்டி வருகிறவர்களோடு கன்னடத்தில் பேசுவாள், கோபமோ துக்கமோ வந்தால் யாரிடமும் தமிழுக்கு வந்துவிடுவாள். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டாளா என்றால், அதெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் ஓசூருக்கு வந்தது சோறு விற்க.

கணவர் கரீம் காவேரிப்பட்டினத்தில் மாங்காய் லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். மாங்காய் இருக்கிற மாதங்களில் வீட்டில் தடபுடல், மற்ற மாதங்களில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பெருமூச்சு. வருஷம் பூராவும் ஓடுகிற தொழில் ஓசூரில்தான் இருக்கிறது என்று யாரோ சொல்ல, பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கரீமுக்கு லாரி கிடைத்தது. சிப்காட் தொழிற்பேட்டையின் பின்பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் அல்லாடுவதைப் பார்த்த பீவி, வீட்டிலேயே சமைத்து, கேரியர்களை மொபெட்டின் இரண்டு பக்கமும் சாக்குப்பையில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த ஓசூரை நினைத்தால் பீவிக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். அது குளிர் நினைப்பு. சித்திரை மாதத்தில்கூடக் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் அடுப்பு பற்றவைக்க முடியாது. பாகலூர் ரோட்டில் ஒரு பக்கம் ரோஜாத் தோட்டம், மறுபக்கம் கேழ்வரகு, நடுநடுவே தகரக் கூரை போட்ட ஷெட்டுகள். பன்னிரண்டரைச் சங்கு ஊதும்போது கிரீஸ் கையோடு ஆட்கள் வெளியே வந்து அவள் மொபெட்டைச் சூழ்ந்துகொள்வார்கள். ஆயுத பூசைக்கு மறுநாள் அவள் வீட்டில் நடக்க இடமிருக்காது, அத்தனை ஷெட்டுகளிலிருந்தும் பொரிகடலை மூட்டை வந்துவிடும். பிள்ளைகள் ஒரு மாதம் அதையே தின்றன. நோன்புப் பெருநாளைக்கு அவள் பங்குக்கு அண்டா அண்டாவாகப் பிரியாணி போகும். அந்த நாட்களில் கையில் ஒன்றும் நிற்கவில்லை, ஆனால் மனசில் குறை என்று ஒன்று இருந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

சோறு விற்றவள் ஷெட் விற்க வந்த கதையும் அந்தக் கேரியரில்தான் இருக்கிறது. ஒரு பட்டறையில் எட்டுச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. அது பன்னிரண்டானது, இருபதானது. உட்கார்ந்து சாப்பிட உள்ளே இடமில்லாமல் பையன்கள் ரோட்டோரம் வெயிலில் குந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இன்னொரு பெரிய ஷெட்டில் முப்பது சாப்பாடு இருபதானது, பத்தானது. பீவிக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. முதல் பட்டறையின் முதலாளியிடம் போய், "அண்ணா, அந்த ஷெட்டுக்காரரு கூடிய சீக்கிரம் காலி பண்ணிடுவாரு. நீங்க போயி ஒரு வார்த்த பேசிப் பாருங்க. பசங்க வெயில்ல கெடக்குதுங்க" என்றாள். அவர் போய்ப் பேசினார். அந்த ஷெட்டுக்காரருக்கு ஆச்சரியம், காலி செய்யப்போவதை அவர் இன்னும் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

குடிபோன அன்றைக்கு அந்த முதலாளி ஒரு கவரைக் கொடுத்தார். எதற்கு என்று பீவி கேட்டாள். "இதுக்குப் பேருதாம்மா கமிஷன்" என்றார் அவர். வீட்டுக்கு வந்து சொன்னபோது கரீம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சோறு போடப் போன எடத்துல ஷெட்டயே வித்துப்புட்டு வந்திருக்கறா பாரு."

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்த தரகர்கள் சிரிக்கவில்லை, ஏளனம் பண்ணினார்கள். சோத்துக்காரம்மா என்று பேர் வைத்தார்கள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டுமே. வாடகைக்கு என்று போர்டு தொங்கிய பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரியும். பீவிக்கு அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே சாப்பாட்டு எண்ணிக்கை சொல்லிவிடும். எண்ணிக்கை ஏறினால் அவனுக்குப் பெரிய இடம் தேவை, இறங்கினால் இவன் இடம் காலியாகப்போகிறது. அவ்வளவுதான் அவளுடைய வித்தை. ஊரே பின்னால் இதைத் தெரிந்துகொண்டது, ஆனால் சோறாக்கிக் கொண்டுபோக எந்தத் தரகருக்கு உடம்பு வணங்கும்?

சரி, டம்ளர் எங்கே வந்தது என்றால், மாதேஸ்வரன் மூலமாக வந்தது.

மாதேஸ்வரன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள். பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, சேர்த்ததை எல்லாம் போட்டு, கியர் பற்களைத் தேய்த்து மெருகேற்றுகிற மெஷின் ஒன்றை வாங்கிவிட்டு, அதை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். மயிரிழை பிசகினாலும் கியர் குப்பைக்குப் போகிற வேலை அது. பீவி அவருக்கு ஒரு ஷெட் காட்டினாள். நல்ல தரை, நல்ல வெளிச்சம், சுற்றுப்புறம் அத்தனை அமைதி. அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

அமைதியாக இல்லாமல் என்ன செய்யும்? மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கென்று கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குச் சிப்காட்டே படுத்துவிடும். பட்டறைகளுக்கு லீவு, அதனால் சோற்றுக்கும் லீவு, அதனால் பீவிக்கும் லீவு. அந்த லீவு நாளில்தான் அவள் ஷெட் காட்டப் போவாள். இதைவிட வசதியான நாள் வேறு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அப்பாவி.

மெஷினை இறக்கி, நிறுத்தி, ஓடவிட்ட அன்றைக்குப் பீவி கேரியரோடு போய்ச் சேர்ந்தபோது தரை அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் காம்பவுண்டில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி ராட்சதச் சுத்தியலால் அடிக்கிற பட்டறை. அடிக்கு ஒரு தடவை ஜன்னல் கண்ணாடி முனகியது. மாதேஸ்வரன் கத்தவில்லை. கேரியரோடு வந்த டம்ளரை எடுத்து, தண்ணீர் ஊற்றி, மெஷின் பக்கத்தில் தரையில் வைத்தார். தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை ஓடியது.

"பக்கத்துல என்னா கம்பெனின்னு பாக்கலியாம்மா?"

"பாத்தன்ணா. போர்டு இருந்துச்சு. சத்தந்தான் இல்ல" என்றாள் பீவி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஒரு மனுஷனுடைய மொத்தச் சேமிப்பும் அந்த அதிர்கிற தரையில் நின்றுகொண்டிருந்தது, நிறுத்தியது அவள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. டம்ளரையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் ஊர் ஊராகச் சுற்றினாள். சம்பங்கி என்று ஒரு விவசாயி தன் கேழ்வரகு நிலத்தில் வரிசையாக நான்கு ஷெட் கட்டிவிட்டு வாடகைக்கு ஆள் வராமல் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனாள். கடைசி ஷெட்டில் டம்ளரை வைத்தாள். தண்ணீர் அசையவில்லை. மறுநாள் வேலை நேரத்தில் வந்து வைத்தாள், அப்போதும் அசையவில்லை. மெஷினைத் திரும்பத் தூக்கி ஏற்ற கரீமின் லாரி போனது. கமிஷன் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

மெஷின் புது இடத்தில் உட்கார்ந்த பிறகு, சம்பங்கியை வைத்துக்கொண்டே அவள் ஒரு வார்த்தை கொடுத்தாள். "மாதேசண்ணா, இந்த எடத்த வுட்டு உங்கள நான் எழுப்ப மாட்டன். என்னைக்காவது எழுப்ப வேண்டி வந்தா, இதே மாதிரி தண்ணி ஆடாத எடத்துல உக்கார வச்சுட்டுத்தான் எழுப்புவன்." சம்பங்கியும் தலையை ஆட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, மூன்று பேரும் அதை மறக்கவுமில்லை.

அந்த வார்த்தைதான் இப்போது வினையாக வந்து நின்றது.

பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி, சம்பங்கியின் நிலம் மொத்தத்தையும் கேட்டது. ஷெட்டுகளை இடித்துவிட்டு, உள்ளே பத்து ட்ரெய்லர் திரும்புகிற அளவுக்கு ஒரே குடோனாகக் கட்டுவார்களாம். பீவியின் தொழிலில் இதுவரை வராத பெரிய பேரம். தை பிறப்பதற்குள் காலி நிலமாகக் கையில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பர்கூர் பக்கம் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று ஷெட்டுகள் ஏற்கெனவே காலி. கடைசி ஷெட்டில் மாதேஸ்வரன்.

சம்பங்கிக்கு நெருக்கடி. பிள்ளைகள் மூன்று பேரும் பங்கு கேட்டு நின்றார்கள். அவர் நினைத்தால் நேரே போய்க் காலி பண்ணச் சொல்லியிருக்கலாம். மனுஷன் சொல்லவில்லை. "பீவக்கா, நான் போயி அவர்கிட்ட நிக்க முடியாது. நீ குடுத்த வாக்கு, நானும் தலையாட்டுன வாக்கு. நீயே ஒரு எடம் பாரு" என்றார்.

பீவி தேடத் தொடங்கினாள். மாதேஸ்வரனைக் காரில் ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு இடம். அவர் எப்போதும் ரோட்டுக்கே வந்து நின்றுகொண்டிருப்பார், உள்ளே வரவேண்டிய வேலையே வைக்கமாட்டார். தலை முழுக்க வெளுத்துவிட்டது, சட்டைப் பையில் மட்டும் அன்றைக்கு இருந்த அதே அளவுகோல். போகும் வழியெல்லாம் பழைய பேச்சுத்தான். இந்தப் பாலம் இல்லாத காலம், இந்த இடத்தில் குடைமிளகாய் விளைந்த காலம், மழையில் மொபெட் சறுக்கிச் சாம்பார் முழுக்கச் சாக்கடையில் போய், ஒரு பட்டறை முழுக்க ரசத்தோடு சாப்பிட்ட காலம். இரண்டு பேரும் சிரிப்பார்கள். இறங்கி டம்ளரை வைத்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

எல்லா இடத்திலும் தண்ணீர் ஆடியது. ஜூஜூவாடியில் ட்ரெய்லர் போய் ஆட்டியது. பத்தலப்பள்ளியில் பக்கத்துக் கம்ப்ரசர் ஆட்டியது. சூளகிரியில் ஒரு அருமையான ஷெட், தண்ணீர் கண்ணாடியாக நின்றது, பீவி சந்தோஷமாக எழுந்தாள், அந்த நேரம் பார்த்துப் பின்னால் பாறைக்கு வெடி வைத்தார்கள். நிலமே நிலையாக நில்லாத ஊராகிவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை ஷெட்டுகளுக்கு ஆள் கொண்டுவந்து சேர்த்த கைகளில் தன் கையும் ஒன்று என்பது ஞாபகம் வந்ததும் ஆத்திரம் பாதியில் நின்றது.

ஒரு நாள் திரும்பி வரும்போது கேட்டாள். "இப்பல்லாம் வண்டி கரண்டுல ஓடுதே, அதுக்குக் கியர் அவ்வளவா வாணாமாமே. உங்களுக்கு வேல எப்படிண்ணா இருக்குது?"

"ஓடுதும்மா. சாப்பாட்டுக் கணக்குதான் உனக்குத் தெரியுமே" என்றார் மாதேஸ்வரன்.

தெரியும். சாப்பாட்டுத் தொழிலை இப்போது மருமகள் ருக்ஸார் நடத்துகிறாள். மொபெட் போய் வேன் வந்துவிட்டது, வேன்காரர் ஒவ்வொரு கேட்டிலும் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டின்போது எந்த ஷெட்டுக்கு எத்தனை என்று பீவி கேட்காமல் இருக்கமாட்டாள். மாதேஸ்வரன் ஷெட்டுக்குப் பத்து. கொரோனா முடிந்து திறந்ததிலிருந்து பத்துத்தான், ஒன்று ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் ஷெட் பிடித்துக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் மூடிக்கொண்டு போய்விட்டார்கள். மாதேஸ்வரன் மட்டும் நிற்கிறார் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பத்துப் பேரையும் எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது என்பதுதான் அவளுடைய கவலை.

மார்கழி பாதி கடந்தபோது தேன்கனிக்கோட்டை ரோட்டில், உள்ளே தள்ளி, ஒரு ஷெட் இருப்பதாகத் தகவல் வந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து யானை வந்து கேழ்வரகைத் தின்றுவிட்டுப் போக, வெறுத்துப்போன விவசாயி ஒருவர் அந்த நிலத்தில் ஷெட் கட்டிவிட்டாராம். பீவி முதலில் தனியாகப் போனாள். கரண்டு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்கம்பக்கம் இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் பார்த்து, வேலை நாளில் ஒருமுறையும் மழை நாளில் ஒருமுறையும் டம்ளரை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் அசையவே இல்லை. அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, மறுநாளே மாதேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"யான நடந்தா ஆடாதா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார் அவர்.

"அது மெல்லத்தான் நடக்கும்ணா. நம்ம லாரிங்களவிட அதுக்கு மரியாத தெரியும்."

அவர் சிரித்தார். உள்ளே போய் ஒருமுறை சுற்றி வந்தார். தரையைக் குனிந்து தடவிப் பார்த்தார். மெஷின் எங்கே நிற்கும், மேஜை எங்கே இருக்கும் என்று கையை நீட்டிப் பீவி சொல்லிக்கொண்டே வந்தாள், அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அப்புறம் இரண்டு பேரும் நடுத்தரையில் உட்கார்ந்தார்கள். பீவி டம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

வெளியே ஒரு காக்கை கத்திவிட்டு ஓய்ந்தது. கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில் சரியாக டம்ளரின் மேல் இருந்தது. தண்ணீரில் ஒரு தூசி மிதந்தது, அந்தத் தூசிகூட இருந்த இடத்திலேயே இருந்தது. இவ்வளவு அசையாத தண்ணீரைத் தன் தொழிலில் பீவி பார்த்ததில்லை. மாதேஸ்வரன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடுதேம்மா" என்றார்.

பீவி தண்ணீரைப் பார்த்தாள். அசையவில்லை. "எங்கண்ணா?" என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த அளவுகோலை அவர் வெளியே எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஷெட் தேடித் தேடி இத்தனை வாரம் இந்த மனுஷனை ஊரெல்லாம் இழுத்தடித்தோமே, ஒருமுறைகூட முகத்தைப் பார்க்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"ஆமாண்ணா" என்றாள். "ஆடத்தான் செய்யுது."

டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி டம்ளரைத் துண்டால் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

கார் தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஏறியது. பிறகு அவர்தான் ஆரம்பித்தார். "நாளையிலருந்து பத்து சாப்பாடு வாணாம்னு ருக்ஸார்கிட்ட சொல்லிடும்மா. ஒண்ணு போதும்."

"மீதி ஒம்பது பேரு?"

"யாரு இருக்காங்க? ஆர்டர் நின்னு ரெண்டு வருஷம் ஆவுது. எல்லாரும் வேற வேல பாத்துக்கிட்டு போயிட்டாங்க. பக்கத்துல கட்டட வேலைக்கு வந்திருக்கற பீகாருப் பசங்களுக்குக் குடுத்துட்டு வந்தன்."

"எதுக்குண்ணா அப்படி?"

"எண்ணிக்க கொறஞ்சா நீ கண்டுபுடிச்சுடுவியே" என்றார் மாதேஸ்வரன். "நீ உக்கார வச்ச எடம். நீ வந்து எழுப்பற வரைக்கும் இருந்துட்டுப் போலாம்னு பாத்தன். நீ என்னடான்னா எடம் தேட ஆரம்பிச்சுட்ட. எப்படிம்மா உங்கிட்ட வாணாம்னு சொல்றது?"

பீவி காரை ஓரங்கட்டினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை, அழட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் சம்பங்கியின் போன் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"இன்னாக்கா, அவருக்கு எடம் கெடச்சுதா?"

காலியாகிறது என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் பீவி வீடு கட்டினாள், பிள்ளைகளைப் படிக்கவைத்தாள், மொபெட்டிலிருந்து காருக்கு வந்தாள். அந்தச் சொல் இன்றைக்கு வாயைவிட்டு வெளியே வர மறுத்தது. மாதேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல அவர் தலையை ஆட்டினார்.

"காலி ஆவுது, சம்பங்கி" என்றாள். சம்பங்கி தெலுங்கில் கேட்டிருந்தாலும் அதைத் தமிழில்தான் சொல்லியிருப்பாள்.

போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த ஒண்ண வேன்ல அனுப்ப மாட்டன். நானே உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வரன்" என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா அந்தச் செரமம்? கேட்டுல வச்சுட்டுப் போவச் சொல்லு, நான் எடுத்துக்கறன்."

"கேட்டுல வச்சு வச்சுத்தான் ரெண்டு வருஷம் என்ன ஏமாத்துனீங்க" என்றாள் பீவி. "இனிமே எதுருல உக்காந்து, நீங்க சாப்புடறதப் பாத்துட்டுத்தான் எழுந்திருப்பன்."